கட்டடத் தண்ணீரில் பாக்டீரியா: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

தமிழ்நாட்டில் ஒரு தங்கும் விடுதியையோ திருமண மண்டபத்தையோ அலுவலகக் கட்டடத்தையோ பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர் தண்ணீரைப் பற்றி யோசிக்கத் தொடங்குவது, பெரும்பாலும் ஏதாவது ஓர் அறிகுறி தென்பட்ட பிறகுதான். குழாயில் நாற்றம் வரும், தொட்டிச் சுவர் வழவழக்கும், ஆய்வக அறிக்கையில் சிவப்புக் கோடு விழும், அல்லது தங்கிச் சென்ற ஒருவருக்குக் காய்ச்சல் என்று செய்தி வரும். அதனால் இந்த வழிமுறையும் அறிகுறிகளின் வரிசையிலேயே அமைகிறது. உங்களுக்குத் தேவையான பகுதிக்கு நேரே செல்லலாம். ஆனால் குளோரின் பற்றிய முதல் அறிகுறியை அனைவரும் படித்துவிட வேண்டும், ஏனெனில் மற்றவை பலவும் அங்கேதான் திரும்பி வருகின்றன.

நீர்வழிப் பாக்டீரியாக்களைப் பற்றிய கையேடுகள் பல, பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. குளிர்ந்த நீரை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழும், வெந்நீரை 60 டிகிரியிலும் வைத்தால் பாக்டீரியா பெருகாது என்பது அவற்றின் அடிப்படை. இதில் பின்பாதி நமக்கும் பொருந்தும். முன்பாதி பொருந்தாது. சென்னையிலோ திருச்சியிலோ வேலூரிலோ மொட்டைமாடியில் வெயிலில் நிற்கும் கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் நீர், கோடையில் குளிப்பதற்கே சூடாக இருக்கிறது. லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையிலான வெப்பத்தில் பெருகுவது. நம் தொட்டிகளோ ஆண்டு முழுவதும் அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. குளிர்ச்சி என்னும் பாதுகாப்பு நமக்குக் கிடையாது என்பதால், நாம் நம்பத்தக்கவை இரண்டே: நீர் தேங்காமல் ஓடுவதும், கடைசிக் குழாய் வரை குளோரின் மிஞ்சியிருப்பதும்.

தொடங்கும் முன், தண்ணீர் கட்டடத்துக்குள் வரும் இடத்திலிருந்து கடைசிக் குழாய் வரை செல்லும் பாதையை ஒரு தாளில் வரையுங்கள். மாநகராட்சி இணைப்பு, லாரி, ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றில் எது எந்த சம்ப்பில் விழுகிறது, எந்த மோட்டார் எந்த மேல்நிலைத் தொட்டியை நிரப்புகிறது, எந்தத் தொட்டி எந்தத் தளத்துக்கு இறங்குகிறது என்பதை வரைபடத்தைப் பார்த்து அல்ல, நடந்து பார்த்து வரைய வேண்டும். கட்டிய காலத்து வரைபடத்துக்கும் இன்றைய குழாய்களுக்கும் இடையே எத்தனையோ பிளம்பர்கள் வந்து போயிருப்பார்கள். இதனுடன் ஒரு வெப்பமானியும், எஞ்சிய குளோரினை அளக்கும் சிறு பெட்டியும் வேண்டும். மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஆர்த்தோடாலிடின் சொட்டுமருந்தைவிட, இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. மாத்திரையே நல்லது. முன்னதன் மருந்து நச்சுத்தன்மை கொண்டது. மேலும், அம்மோனியா போன்றவற்றுடன் சேர்ந்து செயல்திறன் குறைந்துவிட்ட கூட்டுக் குளோரினையும் சேர்த்துக் காட்டிப் பொய்யான நிம்மதியைத் தரக்கூடியது.

அறிகுறி: கடைசிக் குழாயில் குளோரின் தென்படவில்லை

இது கண்ணுக்குத் தெரியாத அறிகுறி, அளந்தால்தான் தெரியும். அதனாலேயே இதை முதலில் வைக்கிறேன். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, குளோரின் சேர்க்கப்பட்ட நீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது. நீர் உள்ளே வரும் இடம், மேல்நிலைத் தொட்டி, தொட்டியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள குழாய் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே காலை நேரத்தில் அளவிடுங்கள். எந்த இடத்தில் எண் விழுகிறதோ அங்கேதான் கோளாறு.

உள்ளே வரும்போதே குளோரின் இல்லை என்றால், அது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீராகவோ, அந்நீரை ஏற்றிவந்த லாரியாகவோ இருக்கும். அப்போது குளோரின் சேர்ப்பது உங்கள் பொறுப்பாகிறது. உறை பிரிக்காத புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ 33 விழுக்காடு குளோரின் கிடைக்கும். 10,000 லிட்டர் சம்ப்பில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் சேர்க்க 20 கிராம் குளோரின், அதாவது சுமார் 60 கிராம் பவுடர் வேண்டும். அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் சம்ப்பில் ஊற்றி, அரைமணி நேரம் கழித்து அளக்க வேண்டும். தொட்டியில் 0.5 அளவில் நின்றால் கடைசிக் குழாயில் 0.2 கிடைக்க வாய்ப்புண்டு. கிடைக்காவிட்டால் அளவைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். வாய் திறந்த மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும் என்பதால், கணக்கை நம்பாமல் அளவீட்டையே நம்ப வேண்டும். பெரிய கட்டடங்களில் தினமும் கையால் ஊற்றுவதைவிட, மோட்டார் ஓடும்போது மட்டும் ஓடும் சிறு டோசிங் பம்ப் வைத்துவிடுவது நம்பகமானது.

நீரின் பி.எச். அளவையும் பாருங்கள். அது 8-ஐத் தாண்டினால் குளோரின் நீரில் இருந்தும் கிருமியைக் கொல்லும் வேகம் குறைந்துவிடும். அதுபோலவே, குளோரின் வாசனை தூக்கலாக வருவதை வைத்து எஞ்சிய குளோரின் போதுமான அளவு இருப்பதாக முடிவு கட்டக் கூடாது. அம்மோனியாவும் கரிமக் கழிவும் கலந்த நீரில் உருவாகும் கூட்டுக் குளோரினுக்குத்தான் அந்தக் காட்டமான வாசனை அதிகம்.

உள்ளே வரும் நீரில் குளோரின் இருந்து, சம்ப்பிலோ தொட்டியிலோ மறைந்துவிட்டால், அடியில் சேறு படிந்திருக்கிறது, அல்லது தேவைக்கு மேல் நீர் தேக்கப்பட்டிருக்கிறது, அல்லது, இதுதான் அஞ்ச வேண்டியது, கழிவுநீர் கசிந்து உள்ளே வருகிறது. தொட்டியின் கொள்ளளவு உங்களுடைய ஒருநாள் பயன்பாட்டைப் போலப் பல மடங்கு என்றால், மிதவை வால்வைத் தாழ்த்திக் குறைவாக நிரப்புங்கள். தண்ணீர்த் தட்டுப்பாட்டை அனுபவித்த ஊர்களில் இந்த அறிவுரை கசக்கும் என்பது தெரியும். இருப்புத் தேவைப்பட்டால் தொட்டிகளை மாற்றி மாற்றிக் காலி செய்யும் வகையில் வால்வுகளை அமைத்துக்கொள்ளலாம்.

தொட்டி வரை குளோரின் இருந்து குழாயில் மட்டும் இல்லை என்றால், காரணம் குழாய்க்குள் படிந்த பாக்டீரியாப் படலம், அல்லது பயன்பாடு இல்லாத கிளை. பழைய வாஷ்பேசினை அகற்றிவிட்டு மூடி போட்டு நிறுத்திய குழாய்த்துண்டு, சுவருக்குள் பல அடி நீளத்துக்குத் தேங்கிய நீரை வைத்துக்கொண்டிருக்கும். பிரதான குழாயில் நீர் ஓடும்போதெல்லாம் அதிலிருந்து சிறிது வெளியே கலந்துகொண்டே இருக்கும். மூடியை அல்ல, அந்தக் கிளையையே அது பிரியும் இடத்தில் வெட்டி எடுக்க வேண்டும்.

சேறும் படலமும் இருந்தால் தொட்டியைத் தேய்த்துக் கழுவிய பின், லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கொண்ட நீரை நிரப்பி, அதாவது 1,000 லிட்டருக்குச் சுமார் 150 கிராம் பவுடர் கணக்கில், ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாசனை வரும்வரை திறந்து மூடி, ஒரு மணி நேரம் அப்படியே நிறுத்தி, பிறகு முழுவதையும் வெளியேற்றி நல்ல நீரால் அலச வேண்டும். அந்த நேரத்தில் எவரும் குழாயைத் திறக்காதபடி எல்லாத் தளங்களிலும் அறிவிப்பு ஒட்டுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே அறையில், ஒரே வாளியில் புழங்க விடாதீர்கள்.

சம்ப்பைக் கழுவ ஆளை இறக்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெடுநாள் மூடிக் கிடந்த சம்ப்பில் உயிர்வளி குறைந்திருக்கலாம்; கழிவுநீர் கலந்திருந்தால் நச்சு வாயுவும் இருக்கலாம். மூடியைத் திறந்து, காற்றை உள்ளே செலுத்தி, வாயுவை அளந்து, மேலே கயிற்றுடன் ஒருவர் நின்ற பிறகே இறங்க வேண்டும். இயன்றவரை மேலிருந்தே பம்ப் வைத்து உறிஞ்சி முடிப்பது மேல். முதலில் இறங்கியவர் மயங்கினால் அவரைத் தூக்க உடனே இறங்கும் இரண்டாமவரும் சாகிறார். இத்தகைய சாவுகளைச் செய்தித்தாளில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டும் வழக்கத்தை, ஒரு கட்டடத்தின் பொறுப்பாளராவது விட்டுவிட வேண்டும்.

அறிகுறி: அழுகிய முட்டை நாற்றம்

வெந்நீரிலும் குளிர்நீரிலும் தனித்தனியே முகர்ந்து பாருங்கள். வெந்நீரில் மட்டும் என்றால் கோளாறு கீசருக்குள் இருக்கிறது: நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும் பாக்டீரியாக்கள் வெதுவெதுப்பில் வளர்கின்றன, கீசரின் துருத்தடுப்பு மெக்னீசியம் தண்டு அதற்குத் துணைபோகிறது. கீசரைக் காலி செய்து, அடியிலுள்ள உப்புப் படிவை நீக்கி, 60 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஒவ்வொரு குழாயிலும் ஓடவிடுங்கள். மீண்டும் வந்தால் அலுமினியம் கலந்த தண்டுக்கு மாற்றலாம். எல்லாக் குழாயிலும் நாற்றம் என்றால் ஆழ்துளைக் கிணற்றையும் சம்ப்பையும் சோதிக்க வேண்டும். ஒரே ஒரு வாஷ்பேசின் அருகில் மட்டும் என்றால் பெரும்பாலும் நாற்றம் தண்ணீரில் இல்லை, கழிவுக்குழாயின் வளைவில் நின்று சாக்கடை நாற்றத்தைத் தடுக்கும் நீர் வறண்டுபோயிருக்கிறது. ஒரு கோப்பையில் நீர் பிடித்து வேறு அறைக்குச் சென்று முகர்ந்தால் தெரிந்துவிடும்.

அறிகுறி: வழவழப்பு, நிறப் படிவு

குளியலறைத் தரையிலும் ஷவர் விளிம்பிலும் இளஞ்சிவப்புப் படிவு தென்பட்டால் அது பெரும்பாலும் காற்றிலிருந்தும் வந்து ஈரத்தில் தங்கும் செராட்டியா பாக்டீரியா; தேய்த்துக் கழுவி உலரவிட்டால் போதும். ஃபிளஷ் தொட்டியில் துருநிறக் கொழகொழப்பு இருந்தால் கிணற்று நீரில் இரும்புப் பாக்டீரியா இருக்கிறது. அது நேரடியாக நோய் தருவதில்லை என்றாலும், மற்றவை பதுங்க இடம் தருகிறது. தொட்டிக்குள் பச்சைப் பாசி என்றால் எங்கோ வெளிச்சம் புகுகிறது, மூடியை மாற்றுங்கள்.

அறிகுறி: ஆர்.ஓ. நீரின் அறிக்கையில் பாக்டீரியா

இதைக் கண்டு பலர் திகைக்கிறார்கள், ஆர்.ஓ. நீரைவிடத் தூய்மையானது எது என்று. ஆனால் ஆர்.ஓ. சவ்வைக் காக்க, முன்னால் உள்ள கரிவடிகட்டி குளோரினை முழுவதுமாக நீக்கிவிடுகிறது. சவ்வுக்குப் பின் வரும் நீர் குளோரினின் பாதுகாப்பு இல்லாத நீர். அது ஸ்டீல் தொட்டியில் இரவு முழுவதும் நிற்கும்போது, மிகக் குறைந்த உணவிலும் வாழும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் சுவரில் ஒட்டிப் பெருகுகின்றன. யு.வி. விளக்கு தொட்டிக்கு முன்னால் பொருத்தப்பட்டிருந்தால், தொட்டியில் வளர்வதை அது தொடவே முடியாது. விளக்கைத் தொட்டிக்குப் பின்னால், குழாய்க்கு முன்னால் மாற்றுங்கள். விளக்கு எரிகிறது என்பதால் வேலை செய்கிறது என்று பொருளில்லை. உற்பத்தியாளர் சொன்ன மணிநேரம் முடிந்தால் மாற்றிவிட வேண்டும். ஞாயிறு விடுமுறைக்குப் பின் திங்கள் காலையில் தொட்டியில் நின்ற நீரைக் குடிக்கக் கொடுக்காமல் வெளியேற்றித் துடைக்கப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: வெந்நீர் வெதுவெதுப்பாகவே வருகிறது

விருந்தினர் புகாராக மட்டும் பதிவாகும் இந்த அறிகுறிதான் என் கணிப்பில் மிகவும் கவனிக்கப்படாதது. லெஜியோனெல்லா குடிப்பதால் அல்ல, மூச்சில் இழுப்பதால் நோய் தருகிறது. ஷவரிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளில் அமர்ந்து நுரையீரலுக்குள் சென்று கடும் நிமோனியாவை உண்டாக்குகிறது. 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர்கள் பலர் இந்த நோயால் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் ஜோசப் மெக்டேட் அந்தப் பாக்டீரியாவை அடையாளம் கண்டார்.

60 டிகிரியில் இந்தப் பாக்டீரியா சில நிமிடங்களில் சாகிறது. 50 டிகிரியில் மணிக்கணக்கில் ஆகிறது. 40 டிகிரியில் வளர்கிறது. நம் ஊர் விடுதிகளின் சூரிய வெந்நீர்த் தொட்டி, வெயில் நாளில் 60-ஐத் தாண்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்கில் மேகமூட்டம் இருக்கும்போது அதே தொட்டி 35-க்கும் 45-க்கும் இடையில் நின்றுவிடும். ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்க வைக்கும் வெப்பமும் கிட்டத்தட்ட அதுவே. மேகமூட்டமான நாள்களில் துணை மின்சூடேற்றியை இயக்கித் தொட்டி முழுவதையும் 60 டிகிரிக்குக் கொண்டுவந்து ஒரு மணி நேரமாவது நிறுத்துங்கள். மின்சூடேற்றி தொட்டியின் நடு உயரத்தில் இருந்தால் அதற்குக் கீழே உள்ள நீர் சூடாகாது என்பதால், அடிப்பகுதியிலும் வெப்பத்தை அளக்க வேண்டும். மின்செலவு கருதிக் கீசரை 45 டிகிரியில் வைக்கும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும்.

பிறகு கடைசி அறைக்குச் சென்று வெந்நீர்க் குழாயைத் திறந்து ஒரு நிமிடத்தில் 50 டிகிரி வருகிறதா என்று பாருங்கள். தொட்டியில் 60 இருந்தும் குழாயில் 40 என்றால், குழாயின் காப்புறை கிழிந்திருக்கிறது, அல்லது சுழற்சிப் பம்ப் நின்றிருக்கிறது. 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும். முதியோரும் குழந்தைகளும் தங்கும் அறைகளில், குழாயை ஒட்டியே கலவை வால்வு வைத்துக் குறைத்துக்கொள்ளுங்கள், தொட்டியிலேயே குறைக்காதீர்கள். உப்பு ஏறிய ஷவர் தலைகளைக் கழற்றி ஊறவைத்துச் சுத்தம் செய்வதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம். உவர்நீர் ஊர்களில் அதைவிட அடிக்கடி.

அறிகுறி: கட்டடம் வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்தது

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாத மண்டபம், கோடை விடுமுறையில் மூடிய மாணவர் விடுதி, ஆள் வராத அறைகள் ஆகியவற்றில் குழாய்க்குள் நின்ற நீரில் குளோரின் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். திறக்கும் முதல்நாளே ஷவரை வேகமாகத் திறந்துவிட்டு முன்னால் நிற்கக் கூடாது. ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, அல்லது துணியால் சுற்றி வாளிக்குள் விட்டு, தெறிக்காமல் மெதுவாக ஓடவிடுங்கள். முதலில் தொட்டியைப் புதுநீரால் மாற்றி, குளோரின் சேர்த்து, தொட்டிக்கு அருகிலிருந்து தொடங்கித் தொலைவுக்கு ஒவ்வொரு குழாயாகத் திறந்து, குளோரின் தென்படும்வரை விடுங்கள். திறந்திருக்கும் விடுதியில்கூட, ஆள் இல்லாத அறைகளின் குழாய்களையும் ஷவரையும் வாரம் ஒருமுறை சில நிமிடங்கள் இதே கவனத்துடன் ஓடவிட்டு, தேதியும் கையெழுத்தும் இட்ட பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

அறிகுறி: கூலிங் டவர் நீர் கலங்கி, சுவரில் படலம்

ஏ.சி. அமைப்பின் வெப்பத்தை நீரைத் தெளித்து வெளியேற்றும் கூலிங் டவர் இருந்தால், அதன் ஆபத்து உங்கள் கட்டடத்தோடு நிற்பதில்லை. 2002-இல் இங்கிலாந்தின் பாரோ-இன்-ஃபர்னஸ் நகரில் ஒரு கலைக்கூடத்தின் குளிர்விப்பு அமைப்பிலிருந்து கிளம்பிய நுண்துளிகள் அருகிலிருந்த தெருவில் நடந்தவர்களைத் தாக்கின. 7 பேர் இறந்தனர். பாக்டீரியா வளரும் ஊடகம் பூசிய தகட்டை நீரில் தோய்த்தெடுக்கும் டிப் ஸ்லைடு பரிசோதனையில் மில்லிலிட்டருக்கு 10,000-க்குள் பாக்டீரியா எண்ணிக்கை இருந்தால் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதைத் தாண்டினால் மருந்தளவையும் வெளியேற்று நீரின் அளவையும் சரிபார்த்து மறுபரிசோதனை. ஒரு லட்சத்தைத் தாண்டினால் மின்விசிறியை உடனே நிறுத்திக் கிருமிநீக்கம். துளித்தடுப்புத் தகடுகள் உடைந்திருந்தால் எண்ணிக்கை எப்படியிருந்தாலும் மாற்றுங்கள். டவரின் அருகே புதுக்காற்று உள்ளிழுக்கும் துளையோ சாளரமோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அறிகுறி: மழைக்குப் பின் கலங்கல், பலருக்கு வயிற்றுப்போக்கு

உடனே அந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் நிறுத்துங்கள், காரணம் பிறகு. மாநகராட்சி நீர் விட்டுவிட்டு வரும்போது, நீர் நின்ற வேளையில் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே சுற்றியுள்ள சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுப்பது இதை இன்னும் கொடிதாக்கும். நீர் வரத் தொடங்கும் முதல் சில நிமிடங்களைச் சம்ப்பில் விடாமல் வெளியேற்றும் வால்வு ஒன்று அமையுங்கள். சம்ப் மூடி தரைமட்டத்தில் இருந்தால் உயர்த்திக் கட்டுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்கும் சம்ப்புக்கும் இடையே கசிவு இருக்கிறதா என்று பார்க்க, கழிவுநீர்த் தொட்டியில் நிறமருந்து கலந்து, சம்ப்பில் நிறம் தென்படுகிறதா என்று ஓரிரு நாள் கவனிக்கலாம். எத்தனை பேருக்கு, எந்த நாளிலிருந்து, எந்தத் தளத்தில் என்று எழுதி உள்ளூர்ச் சுகாதார ஆய்வாளருக்குத் தெரிவியுங்கள்.

அறிகுறி: அறிக்கையில் கோலிஃபார்ம்

கோலிஃபார்ம் வகைப் பாக்டீரியாக்களில் மலக் கலப்பைக் காட்டிக்கொடுப்பது ஈ. கோலை. 100 மில்லிலிட்டரில் அது ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்பது தரநிலை. அறிக்கை மோசமாக வந்தால் மாதிரி எடுத்த விதத்தை முதலில் கேளுங்கள்: குழாய் வாயைத் துடைத்துச் சூடுகாட்டி, சில நிமிடங்கள் ஓடவிட்டு, கிருமிநீக்கிய பாட்டிலில் எடுத்தார்களா, குளோரினைச் செயலிழக்கச் செய்யும் சோடியம் தயோசல்பேட் அதில் இருந்ததா, குளிர்பெட்டியில் வைத்து அன்றே கொண்டு சென்றார்களா. தயோசல்பேட் இல்லாத பாட்டிலில் குளோரின் வழியிலேயே பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அதனால் நல்லதாக வந்த அறிக்கையும் அப்போது ஐயத்துக்குரியது. மறுமாதிரியை மூன்று இடங்களில் எடுத்துத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கோ சென்னையில் கிண்டி கிங் நிலையத்துக்கோ அனுப்பலாம். முடிவு வரும்வரை நீரைக் கொதிக்கவைத்தே குடிக்கக் கொடுங்கள்.

அறிகுறி: தங்கியவருக்கு நிமோனியா

நோய் அரும்ப இரண்டு முதல் பத்து நாள், சில வேளை இரண்டு வாரம் ஆகும் என்பதால், செய்தி வரும்போது அவர் உங்கள் அறையைக் காலி செய்து வெகுநாளாகியிருக்கும். ஐம்பது வயதைக் கடந்தவர், புகைபிடிப்பவர், நுரையீரல் நோயாளி, எதிர்ப்பாற்றல் குறைந்தவர் ஆகியோருக்கே ஆபத்து அதிகம். அவருடைய மருத்துவரிடம், அவர் ஷவர் பயன்படுத்தும் விடுதியில் தங்கியிருந்ததைத் தெரிவித்து, லெஜியோனெல்லாவுக்கான சிறுநீர்ப் பரிசோதனையுடன், சளியிலுள்ள பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரையும் கேட்டுக்கொள்ளுங்கள்; சிறுநீர்ப் பரிசோதனை முக்கியமாக ஒரே ஒரு வகையைத்தான் கண்டறியும். அந்த அறையையும் அதே குழாய்வரிசையிலுள்ள அறைகளையும் பூட்டுங்கள்.

பதற்றத்தில் உடனே குளோரின் ஊற்றிவிடாதீர்கள். ஷவரைத் திறந்தவுடன் வரும் முதல் நீர், சில நிமிடம் ஓடிய பின் வரும் நீர், வெந்நீர்த் தொட்டியின் அடிநீர் ஆகியவற்றில் ஒவ்வொரு லிட்டரை மாதிரியாக எடுத்து வைத்து, அவ்விடங்களின் வெப்பத்தையும் குளோரினையும் எழுதிக்கொண்டு, அதன் பிறகே கிருமிநீக்கத்தைத் தொடங்க வேண்டும். லெஜியோனெல்லா கல்ச்சரின் முடிவு வரப் பத்து நாள் வரை ஆகும்; அதுவரை அந்த அறைகள் பூட்டியே இருக்கட்டும், கடைசி மூன்று மாதப் பதிவேடுகளின் படிகளைச் சுகாதாரத் துறையினர் கேட்கும் முன்பே எடுத்து வையுங்கள்.